டஜனுக்கு ஒரு தோல் குறைந்தால்

மெஷினுக்கு ஞாபகம் வைத்துக்கொள்ள இடம் ஒதுக்கிக் கொடுக்கிற தொழில், கல்யாண வீட்டில் வந்தவர்களுக்குப் பாய் விரிக்கிற வேலை மாதிரி. எல்லோருக்கும் இடம் வேண்டும், ஒருத்தர் கால் இன்னொருத்தர் தலையில் படக் கூடாது, எழுந்து போனவருடைய பாயை உடனே சுருட்டி அடுத்தவருக்குப் போட வேண்டும். சரியாகச் செய்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தப்பாகப் போனால் ஊரே எழுந்து உட்கார்ந்துவிடும்.

இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்கள் இப்போது நம் பக்கத்திலும் அங்கொருவர் இங்கொருவராக இருக்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், பயப்பட ஒன்றுமில்லை. நானே ஆற்காடு பக்கம் திமிரிக்கு அருகில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான்.

மாடி அறை

எங்கள் முதலாளிக்கு ஆம்பூரில் ஒரு ஒர்க்‌ஷாப். தோல் ஷாப் என்று நாங்கள் சொல்கிற பதனிடும் ஆலைகளில் தோலை ஊறவைத்துச் சுழற்றுகிற மரப் பீப்பாய்களுக்குப் பல்சக்கரம் செய்து கொடுப்பார். மெட்ராஸிலிருந்து செல்வராஜ் சார் என்ற இளம் இன்ஜினியர் வந்து, “தோலை அளக்கிற மெஷினை எலெக்ட்ரானிக்கில் செய்யலாம், நம்ம ஊரிலேயே விற்கலாம்” என்று அவர் மனசைக் கரைத்தார். மாடியில் ஓர் அறை கிடைத்தது. ஒயர் வேலை தெரிந்த சுலோச்சனா அக்காவை எடுத்தார்கள். ஆற்காட்டில் டைப்பிங் லோயர் பரீட்சை முடித்திருந்த என்னையும் எடுத்தார்கள்.

அப்போது என் மகள் ஜெனிக்கு நடை பழகிக்கொண்டிருந்த வயசு. வீட்டுக்காரருக்கு ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை. நான் வேலைக்குப் போவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை, மாமியாருக்கு இருந்தது. ஜெனியைப் பார்த்துக்கொள்ள வேண்டியது அவர்தானே, இருக்காதா? ஒரு வழியாக ஒப்புக்கொண்டார். “அந்த மெஷின் ஓடற வரைக்கும் போ. அது படுத்துட்டா நீயும் வீட்ல இரு” என்றார்.

விளையாட்டாகச் சொன்னதாக நினைத்தேன். முதல் நாளே முதலாளியும் அதையேதான் சொன்னார். மாடி அறை நிலைக்க வேண்டுமென்றால் முதல் மெஷின் ஏதாவது ஒரு தோல் ஷாப்பில் நிலைக்க வேண்டும். திரும்பி வந்தால் அறையைப் பூட்டிவிடுவார். மாமியார் பேச்சை நான் சொல்லக் கேட்டு, ஒயர் பெட்டியைத் திறந்துகொண்டே சுலோச்சனா அக்கா சொன்னார்: “கண்ணாலத்துக்கு முன்னாடியே மாமியாருங்க ரெண்டு பேரும் ஒரே பேச்சு பேசிக்கினு கீறாங்க லில்லி, நம்ம பாடு பேஜார்தான்.”

ஏ முதல் எஃப் வரை

என் வேலை எண்களைத் தட்டுவது. செல்வராஜ் சார் தாள் தாளாக எழுதித் தருவதை, கால்குலேட்டர் மாதிரி விசைகள் இருக்கிற ஒரு பெட்டியில் ஒவ்வொன்றாக அழுத்தி, மெஷினுக்கான கட்டளைகளை வைத்திருக்கிற சில்லுக்குள் ஏற்ற வேண்டும். பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை, அதற்கு மேல் பத்துக்கு ஏ என்று தொடங்கிப் பதினைந்துக்கு எஃப் வரை. அவ்வளவுதான் அந்த பாஷை. அக்கா வாசிக்க நான் தட்டுவேன். வரிக்கு வரி ஒரே குரலில் வாசித்தால் தூக்கம் வந்துவிடும் என்று அக்கா அதை ஞாயிற்றுக்கிழமை ஜெப வாசிப்பு மாதிரி ராகம் போட்டு வாசிப்பார். நான் வீட்டிலும் அதே ராகத்தை முணுமுணுத்திருக்கிறேன் போல. ஜெனி அம்மா, ஆயா சொல்லப் பழகியதற்கு அடுத்து “எஃப் எஃப்” சொல்லப் பழகினாள்.

நான் தட்டியதில் பாதிக்கு மேல் மெஷினின் கெர்னல். உள்ளே மூன்று வேலைகள் நடக்கின்றன. தோல் ஓடும்போது ஒளிக்கண் அதைப் பார்த்து அளக்கிறது. அளவு விளக்கு எண்ணாகத் தெரிகிறது. கடைசியில் சீட்டு அச்சாகிறது. எந்த வேலைக்கு எப்போது முறை, எதற்கு எவ்வளவு இடம் என்று பங்கு போடுகிற சின்ன நிர்வாகம்தான் கெர்னல். மொத்த இடம் ரொம்பக் கம்மி. பைட் என்பது ஒரு சின்ன எண் உட்காருகிற இடம். அந்த மாதிரி இரண்டாயிரம் சொச்சம் இடத்துக்குள் ஒரு ஷாப்பின் அரை நாள் தோல் முழுவதும் அடங்க வேண்டும். அதனால் சார் ஒரு பைட்டைக்கூட வீணாக்க மாட்டார். தோலின் அளவைக் கால் அடி கணக்கில் எழுதினால் ஒரே பைட்டில் அடங்கும் என்று கண்டுபிடித்த நாளில் கீழே போய் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தார்.

டீயைக் குடித்துவிட்டு அக்கா ஆயாசமாகச் சொன்னார்: “எஃப்போட நிக்கிற வேலைக்கு என்ன எதுக்கு எங்கப்பா இசட் வரைக்கும் படிக்க வெச்சாரு?”

திரும்பி வராத பாத்திரம்

முதன்முதலில் மேசையில் மெஷினை ஓட்டிப் பார்த்தபோது காலையில் பிரமாதமாக ஓடும், மத்தியானம் “இடமில்லை” என்று விளக்கு எரியும். அட்டையைத் தோல் மாதிரி வெட்டி ஒரு டஜன் வைத்திருந்தோம். அதையே திரும்பத் திரும்ப விட்டுக்கொண்டிருப்போம். தோல் டஜன் கணக்கில்தான் கட்டாகும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஒரு கட்டு முடிந்ததும் பச்சைப் பொத்தானை அழுத்தினால் அந்தக் கட்டுக்குத் தேவையான இடத்தைக் கெர்னல் அளந்து கொடுக்கும். மதியம் எல்லாக் கட்டும் சேர்ந்து சீட்டாக அச்சானதும் இடமெல்லாம் திரும்ப வந்துவிட வேண்டும். வரவில்லை.

சார் இரண்டு நாள் தாளைப் புரட்டினார். பிறகு சிரித்தார். அச்சடிக்கிற வேலையில், உபயோகித்த இடத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிற வரியே இல்லை. எழுத மறந்திருந்தார். எங்கள் தெருவில் விருந்துக்கு என்று அண்டா வாங்கிக்கொண்டு போவார்கள். நல்ல மனிதர்கள்தான், திருடர்கள் இல்லை. அண்டா அவர்கள் வீட்டு மூலையில் உட்கார்ந்துவிடும், நமக்கு விசேஷம் வரும்போது அண்டா இருக்காது. மெஷினுக்குள் நடந்ததும் அதேதான் என்று சொன்னேன். சார் அதை ரசித்தார். சுலோச்சனா அக்கா மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னார்: “உன் இட்லிப் பானைய நான் ஈஸ்டருக்கே திருப்பிக் குடுத்துட்டேன்டி, ஞாபகம் வெச்சுக்கோ.”

ஒண்ணும் பண்ல

பேரணாம்பட்டு ரோட்டில் ஒரு தோல் ஷாப் மெஷினைச் சோதனைக்கு ஏற்றுக்கொண்டது. அங்கே தோல் அளக்கிற மேஸ்திரி அன்வர் பாய். கண்ணால் பார்த்தே ஓர் ஆட்டுத்தோல் எத்தனை அடி என்று சொல்லக்கூடியவர், ஆனாலும் மெஷின் மேல் அவருக்கு விரோதம் எதுவும் இல்லை. “கூட்டல் போடற பேஜார் இல்லாம இருந்தா போதும்” என்று சந்தோஷமாகத்தான் பொத்தானை அழுத்தப் பழகிக்கொண்டார்.

முதல் நாள் ஓடியது. இரண்டாம் நாள் பத்து மணிக்கு நின்றது. நின்றது என்றால், விளக்கு எண் அப்படியே உறைந்து, எந்தப் பொத்தானுக்கும் பதில் இல்லை. கரண்ட்டை அணைத்துப் போட்டால் உயிர் வந்தது, ஆனால் காலையிலிருந்து அளந்த கணக்கு மொத்தமும் போயிற்று. கட்டைப் பிரித்து ஒவ்வொரு தோலாக மறுபடியும் விட வேண்டும். அடுத்த நாள் நிற்கவில்லை. அதற்கடுத்த நாள் இரண்டு தடவை நின்றது. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்து எங்கள் அட்டைகளைப் போட்டு ஓட்டினால் நாள் முழுக்க ஓடியது. திரும்பக் கொண்டுபோனால் அங்கே நின்றது.

இந்த நிலைமையில் இருந்தவர்களுக்கு இது பழகின கதைதான். நம்மிடம் ஓடுவது அவர்களிடம் ஓடாது, நாம் போய் நின்றால் ஓடும், திரும்பினால் நிற்கும். ஈரத் தோல் வாடையில் நின்றுகொண்டு சார் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வியைக் கேட்பார், நிற்பதற்கு முன்னால் என்ன செய்தீர்கள் என்று. அன்வர் பாய் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு ஒரே பதிலைச் சொல்வார்: “ஒண்ணும் பண்ல சார், வேலதான் பண்ணேன்.”

பேரணாம்பட்டு பஸ்

ஒரு நாள் அங்கிருந்து திரும்பும்போது பஸ்ஸில் நானும் சாரும் உட்கார்ந்திருந்தோம். வழியில் மூன்று பெண்கள் ஏறினார்கள். நடுவில் இருந்தவள் மாசமாக இருந்தாள், மற்ற இருவரும் அவளை விட்டு உட்காருவதாக இல்லை. பஸ்ஸில் இங்கொன்றும் அங்கொன்றுமாக நிறைய சீட் காலி. மூன்று பேர் சேர்ந்து உட்காரத்தான் ஒரு சீட்டும் இல்லை. “இவ்ளோ காலியா வெச்சிக்கினு எடமில்லன்னா இன்னா அர்த்தம்?” என்று ஒருத்தி கண்டக்டரிடம் சண்டைக்குப் போனாள். கண்டக்டர் நிதானமானவர். முன்னால் தனித்தனியாக உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பி நெருக்கி உட்காரவைத்தார். பின்னால் ஒரு முழு சீட் காலியாயிற்று.

சார் துள்ளி எழுந்தார். நடுவில் அவசரத்துக்கு ஒரு கட்டின் சீட்டை மட்டும் அச்சடித்தால் அந்த இடம் நடுவில் ஓட்டையாக நிற்கும், அப்படி ஓட்டை ஓட்டையாகச் சேர்ந்து பெரிய கட்டுக்கு இடம் கிடைக்காமல் போகும், இதுதான் காரணம் என்றார். சண்டைக்கு வந்த பெண்ணுக்குக் கண்டக்டர் சொன்ன பதிலை மாடி அறையில் மேசைக்கு மேல் அப்படியே எழுதி ஒட்டிவைத்தோம்: “எடம் இருக்குதும்மா. ஒண்ணா இல்ல, அவ்ளோதான்.”

நகர்த்தி வைத்தோம்

அந்த வாரம் முழுக்க நான் தட்டோ தட்டென்று தட்டினேன். கட்டுகளை நெருக்கி உட்காரவைக்கிற கண்டக்டர் வேலையைச் சார் கெர்னலுக்குள் எழுதினார். பழைய சில்லை நீல விளக்குப் பெட்டிக்குள் வைத்து, அதில் இருந்த எண்களை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினோம். அழகான வேலை. கொண்டுபோய் மாட்டினோம். மறுநாள் பதினொரு மணிக்கு நின்றது.

முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. மாடிக்கு ஏறிவந்து ஜன்னலோரமாக நின்று, அறை எவ்வளவு அகலம் என்று பார்வையாலேயே அளந்தார். அடுத்த வாரம் அந்த ஷாப்புக்குத் தானும் வருவதாகவும், தன் கண் முன்னால் காலையிலிருந்து மதியம் வரை நிற்காமல் ஓடினால் சரி, நின்றால் மெஷினை அன்றே வண்டியில் ஏற்றிவிடுவதாகவும் சொன்னார். அன்று சாயங்காலம் ஜெனி என்னைப் பார்த்ததும் மாமியார் இடுப்பிலிருந்து தாவினாள். இனிமேல் பகலெல்லாம் இவளோடு இருக்கலாம் என்று ஒரு மனசு சொன்னது. அதில் சந்தோஷமும் இருந்தது. அந்த அறையில் ராகம் போட்டு எண் தட்டுகிற லில்லி இனி இருக்க மாட்டாள் என்று இன்னொரு மனசு சொன்னது. இரண்டும் என் மனசுதான். எதை எங்கே வைப்பது என்று எந்தக் கெர்னலும் எனக்குச் சொல்லவில்லை.

மறுநாள் அன்வர் பாய் ஆள் அனுப்பாமல் தானே வந்தார். எங்களைத் திட்ட வந்தார் என்று நினைத்தோம். நின்றபடியே இவ்வளவுதான் சொன்னார்: “எனுக்கு இது நல்லா இருக்குது சார், நிக்காம இருந்தா இன்னும் நல்லா இருக்கும்.”

விசிறி

கரண்ட் போனால் எங்கள் மாடி அறை அடுப்பாகிவிடும், மேலே தகர ஷீட். ஒரு மத்தியானம் அப்படிப் போனது. நாங்கள் அட்டைத் தோல்களை விட்டுச் சோதித்துக்கொண்டிருந்த நேரம். சுலோச்சனா அக்கா அதில் ஒன்றை எடுத்து விசிறிக்கொண்டார். நல்ல பெரிய அட்டை, எனக்கும் சேர்த்துக் காற்று வந்தது. கரண்ட் வந்ததும் அக்கா இடது கையால் விசிறிக்கொண்டே வலது கையால் மற்ற அட்டைகளை ஒவ்வொன்றாக விட்டார். அடுக்கு தீர்ந்ததும் பச்சைப் பொத்தான். மறுபடி அதே அடுக்கு. மறுபடி பச்சைப் பொத்தான்.

மெஷின் நின்றது.

எங்கள் மேசையில், எங்கள் கண் முன்னால், முதல் தடவையாக நின்றது. சார் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்தார். “தொடாதீங்க, யாரும் எதையும் தொடாதீங்க!” அக்கா விசிறியைத் தூக்கிப் பிடித்தபடி சிலையாகிவிட்டார். மேசையில் இருக்கிற சோதனைப் பலகையில், எந்த முகவரியில், அதாவது எத்தனையாவது பைட்டில் நின்றது என்று எண் தெரியும். கடைசி எழுத்து எஃப். அதாவது பதினைந்து, ஒற்றைப்படை. சார் அட்டைகளை எண்ணினார். பதினொன்று. பிறகு அக்காவின் கையைப் பார்த்தார்.

அப்புறம் நாங்கள் மூன்று பேரும் போட்ட சத்தத்தில் கீழே லேத் ஓட்டுகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு மாடிப்படியில் வந்து நின்றார்கள். என்ன ஆச்சு என்று முதலாளி கீழிருந்தே கத்தினார். “நின்னுபோச்சு சார், நின்னுபோச்சு!” என்று நான் சந்தோஷமாகக் கத்தினேன். முதலாளிக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அதற்குப் பிறகும் விசிறியை இறக்காமல் அக்கா கேட்டார்: “இப்ப நான் வீசலாமா, கூடாதா?”

இரண்டு பேர் பெஞ்சு

விஷயம் இதுதான். எங்கள் மெஷினில் கணக்குப் போடுகிற சில்லு, புதிதாக வந்த பதினாறு பிட் ரகம். அது பெரிய எண்களை இரண்டு பைட்டாக, ஜோடி ஜோடியாகத்தான் எடுக்கும். எங்கள் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பேர் உட்காருகிற பெஞ்சுகள் இருந்தன. ஒரு ஜோடி ஒரே பெஞ்சில் இருந்தால் டீச்சர் ஒரே பார்வையில் இருவரையும் பார்த்துவிடுவார். ஒருத்தி இந்த பெஞ்சின் நுனியிலும் இன்னொருத்தி அடுத்த பெஞ்சின் தொடக்கத்திலும் இருந்தால்? வேறு சில சில்லுகள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துச் சமாளிக்குமாம். எங்கள் டீச்சர் கறார். வகுப்பையே நிறுத்திவிடுவார்.

ஒரு கட்டுக்கு முதலில் கட்டு நம்பர், அப்புறம் மொத்த அடி. இரண்டும் பெரிய எண், ஒவ்வொன்றும் ஒரு ஜோடி. பிறகு தோலுக்கு ஒரு பைட். டஜன் தோல் என்றால் எல்லாம் சேர்ந்து இரட்டைப்படை, அடுத்த கட்டு சரியாக ஒரு பெஞ்சின் தொடக்கத்தில் ஆரம்பிக்கும். பதினொரு தோல் என்றால் அடுத்த கட்டு பெஞ்சின் நடுவில் ஆரம்பிக்கும், அத்தோடு சரி.

தோல் டஜன் கணக்கில்தான் வரும் என்பது எங்களுக்குத் தெரியும். அதைத் தாண்டித் தெரியவில்லை. சார் அன்றைக்கே பஸ் ஏறிப் போய் அன்வர் பாயிடம் கேள்வியை மாற்றிக் கேட்டார், எல்லாக் கட்டிலும் டஜன் இருக்குமா என்று. கத்தி பட்ட ஓட்டைத் தோல் கண்ணில் பட்டால் கட்டிலிருந்து எடுத்துப் போட்டுவிடுவாராம். ஒன்று போனால் பதினொன்று, இரண்டு போனால் பத்து. பத்து ஆன நாட்களில் மெஷின் ஓடியிருக்கிறது. இத்தனை நாள் இதை ஏன் சொல்லவில்லை என்று சார் கேட்டதற்கு அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியம்: “நீங்க நான் இன்னா பண்ணேன்னு கேட்டீங்க சார், ஓட்டத் தோல எடுத்துப் போடறது ஒரு பண்றதா?”

காலியாக ஒன்று

திருத்தம் ரொம்பச் சின்னது. கட்டுக்கு இடம் ஒதுக்கும்போது அளவு ஒற்றைப்படையாக வந்தால் ஒன்று கூட்டிக் கொடு. அவ்வளவுதான். அந்தக் கூடுதல் பைட்டில் எதுவும் உட்காராது, சும்மா கிடக்கும். நான் அதைத் தட்டி முடித்தபோது அக்காவுக்குப் பாட ஒரு வரிகூட முழுசாக வரவில்லை.

அதை ஒப்புக்கொள்ளச் சாருக்குத்தான் கஷ்டமாக இருந்தது. இடத்தை இறுக்கி இறுக்கிக் கட்டியது அவருடைய பெருமை. ஓர் இடமும் சும்மா இருக்கக் கூடாது என்று கட்டிய சிக்கனமே மெஷினை நிறுத்தியிருக்கிறது. எனக்கு அதில் ஒன்றும் ஆச்சரியம் இல்லை. என் நாளும் அப்படித்தான் இருந்தது. தண்ணீர் பிடிக்க, சமைக்க, ஜெனியைக் குளிப்பாட்ட, ஓடிவந்து வேலையில் உட்கார என்று இடைவெளியே இல்லாமல் அடுக்கியிருப்பேன். ஜெனி ஒரு தும்மல் அதிகமாகத் தும்மினால் அன்றைய நாள் மொத்தமும் ஓர் இடம் தள்ளிப்போய் எதுவும் எதோடும் பொருந்தாது. நடுவில் சும்மா கிடக்கிற கொஞ்ச நேரத்தை நான் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். மற்றதெல்லாம் தன் தன் இடத்தில் நிற்பதற்கு அதுவும் வேண்டியிருக்கிறது.

இதைச் சார் முதலாளிக்கு விளக்கினார், பொறுமையாக, பெஞ்சு எல்லாம் வரைந்து. முதலாளி கடைசி வரை கேட்டார், தாளை உற்றுப் பார்த்தார், பிறகு சொன்னார்: “காலியா போட்டு வெக்கிறதுக்கா நான் அவ்ளோ துட்டு குடுத்து சில்லு வாங்கினேன்?”

ஓட்டைத் தோலுக்காக ஒரு ஜெபம்

சோதனை நாள் வந்தது. முதலாளி வெள்ளைச் சட்டையில் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஷாப்காரர்கள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள்: வேலை வழக்கம்போல நடக்கும், மெஷின்காரர்கள் யாரும் கை வைக்கக் கூடாது. நானும் சாரும் சுவரோரமாக நின்றோம்.

கட்டு கட்டாகப் போனது. எல்லாம் டஜன். சார் மெதுவாக அன்வர் பாய் பக்கம் நகர்ந்து, ஒரு தோலை எடுத்து ஓரமாகப் போடுங்களேன் என்று காதைக் கடித்தார். பாய் அதிர்ந்துபோனார். “நல்ல தோல எப்படி சார் தூக்கிப் போடறது? என்னால ஆவாது” என்றுவிட்டார். அதிலும் நியாயம் இருந்தது. ஆனால் பதினொரு தோல் கட்டு ஒன்று வராமல் போனால், மெஷின் இன்று ஓடியது எதற்கும் அத்தாட்சி இல்லை. நாளைக்கு நாங்கள் இல்லாதபோது நிற்கலாம். அதைவிட, திருத்தம் சரிதானா என்று எங்களுக்கே தெரியாமல் போய்விடும். மேசையில் ஓடியதை இதற்கு முன்னும் நம்பிக் கெட்டிருக்கிறோம்.

அன்றைக்கென்று பார்த்து அவ்வளவு நல்ல சரக்கு. ஒரு கீறல் கிடையாது, ஓர் ஓட்டை கிடையாது. முதலாளிக்கு முகம் மலர்ந்துகொண்டே போனது, எங்களுக்கு வாடிக்கொண்டே போனது. கர்த்தரே, ஒரு கெட்ட தோலை அனுப்பும் என்று நான் ஜெபித்தேன். தோல் ஊரில் யாரும் அப்படி ஜெபித்திருக்க மாட்டார்கள்.

மதிய மணிக்குக் கொஞ்சம் முன்னால் பாய் ஒரு தோலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை, அதன் வழியாக வெளிச்சம் வந்தது. அதை ஓரமாகப் போட்டார். சார் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், பிடித்தது தெரியாமலேயே. பச்சைப் பொத்தான். அடுத்த கட்டு. ஒவ்வொரு தோலாகப் போனது. கடைசித் தோலும் போனது. பாய் விரலைப் பொத்தான் மேல் வைத்தார், எங்களைப் பார்த்தார், அழுத்தினார்.

விளக்கு எண் மாறியது. அடுத்த தோல் ஓடியது, அதற்கடுத்ததும் ஓடியது. நான் கை தட்டிவிட்டேன். என்னைப் பார்த்துச் சாரும் தட்டினார். எதற்கென்று தெரியாமல் முதலாளியும் தட்டினார். மணி அடித்ததும் சீட்டு அச்சாகி நீளமாகத் தொங்கியது, நடுவில் ஒரு கட்டுக்கு நேராகப் பதினொன்று என்று இருந்தது. ஓரமாகக் கிடந்த தோலைக் காலால் நகர்த்தி அன்வர் பாய் சொன்னார்: “இத்தினி வருசத்துல ஓட்டத் தோலுக்குக் கை தட்டினவங்கள இன்னிக்குத்தான் பாக்கறேன்.”

ஒரே ஒரு எழுத்து

மெஷின் அங்கேயே தங்கியது. முதலாளி அறைக்குப் புதுப் பூட்டு வாங்கி, சாவியைச் சாரிடமே கொடுத்தார். விஷயத்தைச் சொன்னபோது மாமியார் ஜெனிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். “சொன்னா சொன்னதுதான், ஓடற வரைக்கும் போ” என்றார்.

கொஞ்ச நாள் கழித்து அன்வர் பாய் மாடி ஏறிவந்தார். மெஷின் நின்றுவிட்டதோ என்று நாங்கள் மூன்று பேரும் எழுந்துவிட்டோம். அதெல்லாம் இல்லை, சின்ன உதவி ஒன்று வேண்டும் என்றார். ஒவ்வொரு தோலுக்கும் அடியோடு கூடவே ரகத்தையும் போட முடியுமா? ஏ, பி, சி என்று ஒரே ஒரு எழுத்து. “அது இன்னா பெரிய எடத்தப் புடிச்சிடப் போவுது?”

சார் தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். பாதியில் பென்சிலை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்தார். தோலுக்கு ஒரு எழுத்து கூடினால் தோலுக்கு இரண்டு பைட். அப்படியானால் கட்டில் பத்து தோல் இருந்தாலும் பதினொன்று இருந்தாலும் கூட்டுத்தொகை எப்போதும் இரட்டைப்படைதான். ஒற்றைப்படை முகவரி என்ற பேச்சே வந்திருக்காது. இந்த ஓர் எழுத்தை ஆரம்பத்திலேயே கேட்டிருந்தால் அந்த மெஷின் ஒரு நாளும் நின்றிருக்காது, நாங்களும் ஓட்டைத் தோலுக்காக ஜெபித்திருக்க மாட்டோம். ஆனால் இடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டும். இருக்கிற சில்லில் அரை நாள் தோல் அடங்காது. கெர்னலைத் திரும்ப எழுத வேண்டும், நான் முதல் தாளிலிருந்து தட்ட வேண்டும்.

“பாய், இத மொதல்லயே கேட்டிருக்கக் கூடாதா?” என்று சார் பாவமாகக் கேட்டார்.

அன்வர் பாய் யோசிக்கவே இல்லை: “நிக்காத மெஷினக் குடுத்தாதான சார் அடுத்தது கேக்கத் தோணும்?”

ஆக, நாங்கள் இறுக்கிக் கட்டியதால் நின்றதையும் தளர்த்தியதால் ஓடியதையும்விட, வாடிக்கைக்காரருக்கு இன்னும் ஒரே ஒரு எழுத்து வேண்டியிருப்பதுதான் என் வேலையை இன்றுவரை நிறுத்தாமல் வைத்திருக்கிறது.